உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜின்: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

இந்த இதழில் டிராக்டர், போர்வெல் மோட்டார் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புயலுக்குப் பிறகு ராமநாதபுரம், புதுக்கோட்டைக் கடற்கரைகளிலிருந்தும், அங்கே சொந்தபந்தம் உள்ள மதுரைக்காரர்களிடமிருந்தும் வந்த கேள்விகள்தான் இந்தப் பக்கங்கள் முழுக்க. மற்றது காத்திருக்கலாம், இது காத்திருக்காது. புதூர் தொழிற்பேட்டையில் டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் இன்ஜினைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். இன்சூரன்ஸ், நிவாரணம் பற்றியெல்லாம் எங்கள் பட்டறைக்கு வரும் படகுக்காரர்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணே, எங்கள் ஃபைபர் வள்ளம் கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்ஜினைத் தூக்கி மேட்டில் வைத்திருக்கிறோம். "வெயிலில் காயவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார், ஓடினால் ஓடட்டும்" என்கிறார்கள். செய்யலாமா?
— மண்டபம் வாசகர்

வேண்டாம் தம்பி. இதழ் கைக்கு வருவதற்குள் நாள் ஓடிவிடும் என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விவரமாக எழுதுகிறேன்.

மூழ்கி எழுந்த இன்ஜினை யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. பிஸ்டனுக்கு மேலே தண்ணீர் நிற்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்து அந்தத் தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழுவி ஆயில் மாற்றினால் பிழைத்திருக்க வேண்டிய இன்ஜின், அந்த ஒரு சுற்றில் முழுசாகப் பிரிக்க வேண்டிய வேலையாகிவிடும்.

வெயிலில் காயவைப்பதும் கெடுதல்தான். கடலுக்கு அடியில் கிடந்தபோது இரும்பின் மேல் காற்று அதிகம் படவில்லை. மேலே தூக்கியதும் உப்பு, ஈரம், காற்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். காலையில் எடுத்துப் போட்ட இன்ஜினைச் சாயங்காலம் திறந்தால் லைனரில், அதாவது பிஸ்டன் ஓடும் குழாயில், துருவின் செம்மை படர்ந்திருக்கும். தண்ணீர் காய்ந்துபோனாலும் உப்பு போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். கடலில் கிடந்து கெட்ட இன்ஜினைவிடக் கரைக்கு வந்தபிறகு கெட்ட இன்ஜினைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் முதல் வேலை என்ன? பேட்டரி இணைப்பை எடுங்கள். இன்ஜின், நம்பர் பிளேட், படகு கிடக்கும் இடம், மூன்றையும் செல்போனில் வீடியோ எடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீர். குடம் குடமாக, வெளியே முழுவதும் ஊற்றிக் கழுவுங்கள். மெக்கானிக் அன்றைக்கே வருவாரா? நல்லது. வரமாட்டார் என்றால் செல்ஃப், டைனமோ இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு, இன்ஜினைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மிலோ தொட்டியிலோ இறக்கி, முழுக்க மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி அப்படியே வையுங்கள். இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தோம், மறுபடி தண்ணீரிலா என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், மறுபடி தண்ணீரில்தான். காற்றுப் படாமலும் இருக்கும், உப்பும் கரைந்து இறங்கும். மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள். மெக்கானிக் கிடைக்கும்வரை இன்ஜினைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பிரிக்கும்போது முதலில் சம்ப் ஆயிலை, அதாவது இன்ஜின் அடியில் தங்கும் ஆயிலை, இறக்குங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வரும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரைத் தூக்கி எறியுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். உள்ளே நின்ற தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் வருவது நின்றதும் நல்ல தண்ணீரால் உள்ளேயும் அலசி, கம்ப்ரஸர் காற்றடித்து உலர்த்தி, டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டரில் ஊற்றி மறுபடி கையால் சுற்றுங்கள். சம்ப்பில் மலிவான ஆயிலை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றிச் சுற்றினால் கிராங்க், பேரிங் எல்லாவற்றிலும் எண்ணெய் படலம் பிடித்துவிடும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் நிதானமாக மூச்சு விடலாம், இன்ஜின் இனி காத்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன்பு மட்டும் அந்த ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுச் சரியான அளவுக்குப் புது ஆயில் ஊற்ற மறக்க வேண்டாம்.

டீசல் பம்ப்பைக் கடற்கரையில் வைத்துத் திறக்காதீர்கள். இதை யார் காலில் வேண்டுமானாலும் விழுந்து சொல்வேன். உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மணல்துகள் போதும், ஜோடியே வீண். வாய்களை அடைத்து, டீசலில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பம்ப்பைச் சோதிக்கும் பெஞ்ச் வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். டீசல் டேங்கை முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும், ஃபில்டர்கள் புதுசு போட வேண்டும். இன்ஜின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கும் ரிடக்ஷன் கியர் பெட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதற்குள்ளும் கடல் போயிருக்கும். செல்ஃப், டைனமோ இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, வைண்டிங் கடையில் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து வார்னிஷ் போடச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி ஓடியபிறகும் முதல் ஆயில் சீக்கிரமே வெளுக்கும். பயப்பட வேண்டாம். சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆயில் மாற்றுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். அந்த ஆயிலைத் தயவுசெய்து கடலில் கொட்டாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது, உங்கள் மீனின் பிறப்பிடமே அதுதான். கேனில் பிடித்து வையுங்கள், பழைய ஆயிலை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய இரும்பு வியாபாரி வந்து, "உப்புத் தண்ணீர் ஏறிய இன்ஜின் இனி உதவாது" என்று எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— தொண்டி வாசகர்

இந்த வாரம் யாருக்கும் எதையும் விற்காதீர்கள். புயல் முடிந்து ஊரே கலங்கி நிற்கும்போது லாரியோடு வந்து நிற்கிறவரிடம் நல்ல விலை கிடைக்காது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. அதற்குப் பிறகு கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து எங்கள் பட்டறைக்கு இன்ஜின்கள் வந்தன. சீக்கிரமே நல்ல தண்ணீர் கண்டவற்றில் பெரும்பாலானவை ரிங்கு, பேரிங், பம்ப் வேலையோடு கடலுக்குத் திரும்பிவிட்டன. மணலில் கிடந்து காய்ந்தவைதான் படுத்திவைத்தன. அவற்றிலும் பாதிக்கு மேல் பிழைத்தன.

ஹெட்டைக் கழற்றி லைனரைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மை துணியோடு வந்துவிட்டால் வெறும் மேல்துரு. நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் லைனர், பிஸ்டன் செட் மாற்ற வேண்டும். கிராங்கில் குழி இருந்தால் கிரைண்டிங் செய்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ குறைந்த அளவு பேரிங் போடலாம். செலவுதான், ஆனால் புது இன்ஜின் விலை இல்லை. அலுமினிய உடம்புள்ள சின்ன இன்ஜின் மட்டும் வேறு கதை. வெள்ளைப் பொடி பூத்து, சுரண்டினால் உலோகமே கையோடு வருகிறதென்றால் அதற்குச் செலவு செய்யாதீர்கள். அப்போதும் பம்ப், ஃப்ளைவீல், ஷாஃப்ட் எல்லாவற்றையும் தனித்தனியாக விலை பேசுங்கள்.

விசைப்படகு கரையில் ஏறிப் பலகை உடைந்து கிடக்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறது. "சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே" என்கிறார் ஏஜென்ட். நீங்களோ உடனே கழுவச் சொல்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— தங்கச்சிமடம் வாசகர்

ஏஜென்ட் சொல்வதில் பாதி சரி. பலகையை மாற்றாதீர்கள், உடைந்ததை அறுக்காதீர்கள், எதையும் தூக்கி எறியாதீர்கள். ஆனால் இருக்கிற சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை. இதை நான் சொல்லவில்லை, 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டமே சொல்கிறது. நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது காப்பீடு எடுத்தவரின் பொறுப்பு. சும்மா விட்டு இன்ஜின் துருப்பிடித்துவிட்டால், "ஏன் விட்டாய்?" என்று பின்னால் கேட்பதும் அதே கம்பெனிதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். போனில் சொன்னது மட்டும் போதாது. மின்னஞ்சலோ, ஸ்பீட் போஸ்ட்டோ, கையில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். அந்தக் கடிதத்திலேயே, "இன்ஜினில் கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது, மேலும் கெடாமல் இருக்க நாளைக் காலை கழுவி எண்ணெய் போடப் போகிறேன், நீங்கள் ஆள் அனுப்புவதானால் அதற்குள் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரியால் சண்டை வராமல் தப்பித்த படகுக்காரர்களை எனக்குத் தெரியும். கழுவுவதற்கு முன்னும் பின்னும் வீடியோ. கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசு, கிரேனுக்குக் கொடுத்த காசு, எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். நஷ்டத்தைக் குறைக்கச் செய்த செலவையும் பாலிசி நிபந்தனைப்படி கேட்க வழி உண்டு.

படகைக் கடலுக்கு இழுக்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. உடைந்த பலகையோடு கயிறு கட்டி இழுத்தால் ஏராவே (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) முறுக்கிக்கொள்ளும். மணலைத் தோண்டி, அடியில் கட்டை கொடுத்து, படகை நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஏராவின் நீளத்துக்கு ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். நூலும் ஏராவும் ஒட்டிப்போனால் பலகை மாற்றிக் கலப்பத்து அடித்து (பலகை இடுக்கை அடைத்து) சமாளிக்கலாம். நடுவில் விலகினால் பெரிய ஆசாரி பார்க்க வேண்டிய வேலை. அதையும் சர்வேயரிடம் காட்டி, அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

கம்பெனி மறுத்துவிட்டாலோ, புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர் பெயரில் எடுத்த பாலிசி என்றால் 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் எடுத்துக்கொள்வார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கடைசிப் பதில் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஃபைபர் வள்ளத்தின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. ரெசின் வாங்கி நாங்களே ஒட்டிவிடலாமா?
— கீழக்கரை வாசகர்

ஒட்டலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பிளவு பாதிதான். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பிளவைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். சத்தம் மழுங்கினால் உள்ளே ஃபைபர் மேட் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. மழுங்கும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள், அதுவரை கிரைண்டர் போட வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேயுங்கள். வள்ளத்தின் கனம் 10 மில்லிமீட்டர் என்றால் சரிவு சுற்றிலும் 12 சென்டிமீட்டராவது இருக்கட்டும். சரிவில்லாமல் மேலே ஒட்டிய துண்டு முதல் அலையிலேயே பிய்ந்துகொண்டு வரும்.

நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். இந்த மார்கழி ஈரத்தில் அதற்கு நாள் பிடிக்கும். தார்ப்பாய் கட்டிக் காற்றோட்டமாக வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் பிடிக்காது. மிதப்புக்காக அடைத்திருக்கும் அறைகளையும் திறந்து பாருங்கள், உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் எடுத்துவிட்டுப் புதுசு வையுங்கள்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் தனித்தனி அளவுக்குவளை. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சின்னப் பையன்களை எடுபிடிக்கு வைக்காதீர்கள்.

பாம்பனில் ஒரு படகுக்காரருக்கு மீனுக்காக முன்பணம் கொடுத்திருக்கிறேன். படகு உடைந்துவிட்டது. பணத்தை இப்போதே கேட்டு வாங்குவதா, விட்டுப் பிடிப்பதா?
— கரிமேடு மீன் வியாபாரி

விட்டுப் பிடியுங்கள். இப்போது நெருக்கினால் அவர் இன்ஜினை எடைக்குப் போட்டுத்தான் உங்களுக்குத் தருவார். அதற்குப் பிறகு உங்களுக்கு மீனும் இல்லை, அவருக்குத் தொழிலும் இல்லை. நேரில் போய் உட்கார்ந்து, பாக்கி எவ்வளவு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தாள் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பம்ப் வேலைக்கான செலவை நீங்களே கடையில் நேரடியாகக் கட்டிக் கணக்கில் சேருங்கள். தவணை எழுதும்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தை விட்டுவிட்டு எழுதுங்கள். அந்த 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஐயா, வள்ளம் என் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. நானும் என் கணவரும்தான் தொழில் செய்கிறோம். கணக்கெடுக்க வந்தவர்கள், "இறந்தவர் பெயரில் எழுத முடியாது" என்று போய்விட்டார்கள். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார்.
— பாம்பன் வாசகி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. உழைக்கிறவர் ஒருவர், தாளில் இருப்பவர் ஒருவர் என்ற நிலை கடற்கரை முழுக்க இருக்கிறது, புயல் வந்தால்தான் வெளியே தெரிகிறது.

பெயர் மாறும்வரை காத்திருக்காதீர்கள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் தொடங்குங்கள். முதலாவது, சேதத்தைப் பதிய வைப்பது. வள்ளத்தில் எழுதியிருக்கும் பதிவு எண் (உங்கள் மாவட்டத்தில் ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும்) தெளிவாகத் தெரியும்படி, பின்னால் கோயிலோ சர்ச்சோ பாலமோ ஊரை அடையாளம் காட்டும்படி படம் எடுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வள்ளத்தின் பதிவுச் சான்று, மானிய எரிபொருள் பாஸ்புக் இருந்தால் அது, எல்லாவற்றின் நகலோடும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஏற்பு முத்திரை வாங்குங்கள். "வாரிசுச் சான்று விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் தருகிறேன், சேதத்தை மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள்" என்று எழுதுங்கள். கணக்கெடுப்பு முடிந்தபிறகு பட்டியலில் நுழைவது பெரும்பாடு. அங்கே வாங்க மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் கிடைக்கும்.

இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் கொடுப்பார். அண்ணனிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பதால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்பச் சொல்லுங்கள், இப்போதே போன் பண்ணிவிடுங்கள். பெயர் மாற்றும்போது தயங்காமல் உங்கள் பெயருக்கே மாற்றுங்கள். தொழிலைத் தாங்கி நிற்பவர் நீங்கள்.

நிவாரணம் என்று எவ்வளவுதான் கிடைக்கும்? ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.
— பரமக்குடி வாசகர், மைத்துனர் படகுக்காக

ஆளுக்கொரு தொகை சொல்வதற்குக் காரணம் உண்டு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரைக்கும் வகுத்த விதியில் பகுதி சேதமான படகுக்கு 6,000 ரூபாய், முழுச் சேதத்துக்கு 15,000, பகுதி சேதமான வலைக்கு 3,000, முழுதும் போன வலைக்கு 4,000 என்றுதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம், வள்ளம் வாங்க முடியாது. இதைச் சொல்வதற்கே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்கு மேல் மாநில அரசு கூட்டிக் கொடுப்பது வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, முழுச் சேதமான கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 50,000, வள்ளம் வகைப் படகுக்கு 1 லட்சம், இயந்திரப் படகுக்கு அதிகபட்சம் 7.50 லட்சம், வலைக்கு 15,000 என்று உயர்த்தியது. ஒவ்வொரு புயலுக்கும் தனி அறிவிப்பு வரும், உங்கள் மைத்துனருக்குப் பொருந்துவது எது என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் அரசாணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பட்டியலில் "பகுதி" என்று எழுதுகிறார்களா, "முழு" என்று எழுதுகிறார்களா என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. எழுதும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். இன்ஜினும் ஏராவும் போயிருந்தால் அதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை படகை எங்கே கட்டுவது? வடகடலில் கட்டினாலும் அடி, தென்கடலுக்குக் கொண்டுபோனாலும் அடி.
— மண்டபம், வேறொரு வாசகர்

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலான பாக் விரிகுடாப் பக்கத்தைவிடத் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் ஒதுக்கம் என்பது உங்கள் தாத்தா காலத்துக் கணக்கு, சரியான கணக்குத்தான். ஆனால் புயல் வெறும் வாடை இல்லை, காற்று திரும்பும். புயலின் மையம் உங்களுக்குக் கிழக்கே இருக்கும்போது காற்று வடக்கிலிருந்து வரும். மையம் உங்களுக்கு வடக்கே கடந்து போனால் காற்று மேற்குக்கு மாறி, அப்புறம் தெற்கிலிருந்து அடிக்கும். தெற்கே கடந்தால் கிழக்குக்கு மாறித் தெற்குக்கு வரும். ஆக, எந்தப் பக்கம் கடந்தாலும் கடைசியில் தெற்குக் காற்றுக்குப் படகு முகம் கொடுத்தாக வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து வந்து, வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது. அப்படி நின்றுவிட்டால் ஒதுக்கமான இடம் என்று எதையும் நம்ப முடியாது.

அதனால் வள்ளமாக இருந்தால் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், வள்ளத்தை அலை எட்டாத மேட்டில் ஏற்றுங்கள். இதற்கு ஈடான பாதுகாப்பு வேறு இல்லை. ஏற்ற முடியாத விசைப்படகுக்கு நங்கூரக் கயிறு, தண்ணீர் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும். குட்டைக் கயிற்றில் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். படகுகளை நெருக்கமாக நிறுத்தாதீர்கள். எங்களிடம் வந்த உடைந்த சாமான்களில் கணிசமானவை அலையில் உடைந்தவை அல்ல, பக்கத்துப் படகு மோதி உடைந்தவை. கயிறு உரசும் இடத்தில் பழைய ஹோஸ் பைப்பைச் சுற்றிக் கட்டுங்கள். படகுக்குக் காவல் என்று ஆளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள். என்ன விலைப் படகாக இருந்தாலும் சரி.

என் தம்பி ராமேஸ்வரத்தில் விசைப்படகில் பங்குக்கு வேலை செய்கிறான். படகு நின்றதிலிருந்து வருமானமே இல்லை. ஓனர், "எனக்கே இல்லை" என்கிறார்.
— திருப்புவனம் வாசகி

ஓனர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மணல் அள்ளுவது, இன்ஜின் கழுவுவது, சிக்குண்ட வலையைப் பிரிப்பது என்று தம்பி இப்போது தினமும் அங்கே வேலை பார்க்கிறாரா? அப்படியானால் அது மீன் விற்ற காசில் பங்கு வாங்கும் வேலை இல்லை, நாள் கூலி வேலை. கூலி கேட்பதில் தவறே இல்லை. படகு ஓனர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பழுதுபார்க்கும் செலவுக் கணக்கில் முதல் வரியாக ஆட்களின் கூலியை எழுதுங்கள். இன்ஜினை வாங்கிவிடலாம், கடலும் படகும் தெரிந்த ஆள் திருப்பூருக்குப் போய்விட்டால் திரும்ப வருவது சந்தேகம்.

தம்பி மீனவர் கூட்டுறவு சங்கத்திலும் நலவாரியத்திலும் உறுப்பினரா என்று பாருங்கள். மீன்பிடி குறைந்த காலத்துக்கு 6,000, தடைக்காலத்துக்கு 8,000 என்று மீனவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. உறுப்பினர் இல்லையென்றால் ஆதார், ரேஷன் கார்டு, ஓனர் தரும் வேலைச் சான்றோடு சங்கச் செயலாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜினை மதுரைக்கு அனுப்புவதென்றால் எப்படிக் கட்டி அனுப்புவது?
— பலர் கேட்டது

கழுவி, ஆயில் ஊற்றிச் சுற்றிய பிறகு அனுப்புங்கள், கழுவாமல் அனுப்ப வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து இங்கே ஏறக்குறைய 170 கிலோமீட்டர், லாரி கிடைத்து ஏற்றி இறக்குவதற்குள் ஒரு நாள் போய்விடும். நாசில் ஓட்டை, சைலன்ஸர் வாய், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் எண்ணெய்த் துணி வைத்து அடையுங்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி, மரக்கட்டையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ஆயில் நிரப்பிய அளவு, கடலில் மூழ்கிய தேதி, நல்ல தண்ணீர் ஊற்றிய தேதி மூன்றையும் அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். எந்தப் பட்டறைக்கு அனுப்பினாலும் இந்த அட்டை அவர்களுக்கு உதவும். எங்கள் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இந்த மாதம் மட்டும் ஞாயிறும் திறந்திருக்கும்.